கண்ணாடி

பெர்கனில் ஏழாம் நாள் மழை.
இன்று அதில் பாதி பனி.

மீன் வேன் ஓட்டும் யோருன்
அவனைப் பார்க்கவில்லை.
பார்த்தபோது
அவன் முழங்கை இடித்து
வலப்பக்கக் கண்ணாடி மடிந்திருந்தது.

சிவப்பு விளக்கில் பிடித்துவிட்டான்.
சைக்கிளோடு சுற்றி வந்து தட்டினான்.
ஈரக் கம்பளிக் கையுறை, சத்தமே இல்லை.
வாயசைவில் மட்டும் வசவு.

அவளிடமும் இருந்தது:
விளக்கெங்கே, கறுப்புச் சட்டை எதற்கு,
இந்த மழையில் உனக்கு சைக்கிள் ஒரு கேடா.
கண்ணாடியை இறக்கினாள்.

ஹீட்டர் காற்று பாய்ந்து
அவன் கண்ணாடி ஒரே நொடியில் வெளுத்தது.
திட்டவேண்டிய முகத்தைக் காணோம்.
துடைக்கலாமென்றால்
உடம்பில் காய்ந்த நூல் ஒன்றில்லை.

பச்சை. பின்னால் ஹாரன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு
டிஷ்யூ ஒன்றை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டான்,
மீன் நாற்றம் என்று
முணுமுணுத்தபடியே.