கஞ்சிப்பாசி

அப்பாத் தீவுக்குப் பின்னால் கடல் வற்றும் நாட்களில்
காலில் தகரத் தகடு கட்டிக் குதிப்போம், பதினொரு பேர்.
தலை உள்ளே போனதும் எண்ணத் தொடங்குவேன்.
போன ஆடி வரைக்கும் எழுபது.
கார்த்திகையில் ஐம்பது.
தை அமாவாசைக்கு மறுநாள்
முப்பத்தெட்டில் வெளியே வந்து
வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
வானம் அசைந்தது.

நெஞ்சு வலித்ததா, நெஞ்சு வலித்ததா
என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.
தாடை வலித்தது.
ரவிக்கைக் கொக்கி உறுத்தும் இடத்தில்
யாரோ முழங்கையை ஊன்றியது போல ஒரு பாரம்.
வாயு என்றாள் சந்தனமாரி, சோடா உடைத்துத் தந்தாள்.
ஏப்பம் வந்தது.
அன்றைக்கு இருபத்திரண்டு கிலோ எடுத்தேன்.

எட்டு நாள் கழித்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
மார்பில் குளிர்ந்த பசை, ஒயர்கள்.
நீளத் தாளில் எறும்பு ஊர்ந்த தடம் போல ஓடியது
என்னுடையது என்றார்கள்.
டாக்டர் சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கம் பாக்கி.
"முத்துராக்கு, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?"

கருக்கலில் தேத்தண்ணி, சீனி மூணு கரண்டி.
வள்ளத்தில் பன். பசித்தால் இன்னொரு பன்.
கரையேறியதும் பரோட்டா,
கை ஊறிப்போய் மசாலா எரியும், அதனால் வெறும் சால்னா.
ராத்திரி ரேஷன் அரிசிச் சோறு.
எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் மீன் இராது,
ஆணம் இருக்கும்;
ஆணத்தை முடிக்கச் சோறு,
சோற்றை முடிக்க ஆணம்.

அவள் பேனாவை மூடினாள்.
"எல்லாமே வெள்ளையா இருக்கே அக்கா.
தீட்டின அரிசி, மைதா, சீனி. உள்ளே போனதும் ஓடிக் கரையும்.
நார் இருந்தா மெதுவாப் போகும்.
தீட்டு நின்ன பிறகு பொம்பளை நெஞ்சுக்குப்
பழைய காவல் கிடையாது."

நார் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது.
இருபத்தாறு வருஷமாய் விரலில் துணி சுற்றி
பாறையிலிருந்து நான் பிய்ப்பது வேறென்ன?
பெயரே கஞ்சிப்பாசி.
எந்தக் காலத்திலோ எவளோ கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறாள்.
நாங்கள் உலர்த்தி, மணல் உதிர்த்து, சாக்கில் திணிக்கிறோம்.
மதுரைக்குப் போய் மிட்டாயிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டியாய் நிற்கிறதாம்.
அந்த லாரிதான் திரும்பும்போது
எங்கள் கடைக்குப் பன் ஏற்றி வருகிறது.

சித்திரைக்கார் அரிசி கிலோ எண்பத்தைந்து.
ரேஷனில் சும்மா.
சும்மா வருவதை விட்டுவிட்டுக்
காசு கொடுத்து வாங்கினேன் என்று வீட்டில் எப்படிச் சொல்ல?
ஒரு கிலோ வாங்கி
பாசி வலைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன்.
"கோழிக்கா?" என்றார் அவர்.
மகன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, மணல் என்றான்.

அப்புறம்தான் சின்னச் சட்டியைத் தேய்த்து எடுத்தேன்.
என் ஒருத்திக்கென்று உலை வைத்தது
கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல் தடவை.
அது வேக நேரம் எடுத்தது.
நானும் எடுத்தேன்.
ஊளி மீனில் நடுத்துண்டு ஒன்றை
முன்னதாகவே என் தட்டில் வைத்தபோது
திருடியவள் போலக் கை நடுங்கியது,
அதற்கு மாத்திரை எழுதித் தரவில்லை.

பங்குனி.
சந்தனமாரி தட்டாம்பயறு அவித்து வருகிறாள், உப்புக் கூடுதல்.
மொகைதீன் பீவி இன்னும் பன்னைத்தான் முக்குகிறாள்,
"எனக்கென்ன, இருபத்தெட்டு வயசு."
நான் மூழ்கக் கூடாதாம். இடுப்பளவுத் தண்ணீரில்
குனிந்து கிடைப்பதை எடுக்கிறேன். கூலி பாதி.

எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை.
வள்ளத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து
சிவப்பாய் ஒரு கவளம்.
இருபத்தேழு, இருபத்தெட்டு.
இன்னும் விழுங்கவில்லை.