இருபது கம்பி

முன்னே பதினாறு, பின்னே இருபது.
கடைக்காரர் சக்கரத்தை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.
"இது போறது காத்துக்கே தெரியாதுங்க."
தீபாவளி போனஸ் முழுக்கப் போனது
எனக்குத் தெரிந்தேதான்.

சூலூரிலிருந்து பல்லடம் வரை
விடியாத ஞாயிற்றுக்கிழமையில்
அது சக்கரமே இல்லை, ஒரு சீழ்க்கை.
தாராபுரம் ரோட்டில் திரும்பிய பிறகுதான்
சாலைக்கும் எலும்பு உண்டென்று பட்டது.
குழாய்க்குத் தோண்டி மண்ணால் மூடிய குறுக்குவெட்டு,
தேங்காய் லாரிகள் மிதித்து மிதித்து எழுப்பிய தார் அலை,
ஒருவரும் கேட்காமல் ஊருக்கு ஊர் முளைத்த வேகத்தடை,
காற்று மண்ணைத் தின்றதுபோக மிச்சம் கிடக்கும் ஜல்லி.

கணக்கு எளிது.
என் எடை எழுபத்தெட்டு கிலோ.
முப்பத்தாறு கம்பி பகிர்ந்துகொண்டதை
இருபது பகிர்ந்துகொள்ள வேண்டும்.
எதுவும் முனகவில்லை என்றால்
நடக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்படித்தான் எழுதினேன்,
மார்ச்சில், மில் டைம் ஆபீசில்,
ஸ்பின்னிங் மூன்றாம் ஷிஃப்டுக்கு.
முப்பத்து நான்கு என்றிருந்த கட்டத்தில்
பென்சிலால் இருபத்திரண்டு.
"இழுத்துக் கட்டினா நிக்குமுங்க" என்று
முதலாளியிடம் சொன்னது
சக்கரத்தைப் பற்றி அல்ல.

பெரிய குழியில் முறியவில்லை.
பெரிய குழிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியது.
முறிந்தது, போன மாதம் போட்ட
வழுவழு தார் ரோட்டில்,
ஒரு குலுக்கலும் இல்லாத இடத்தில்,
பல்சக்கரப் பக்கம், கம்பி வளையும் கழுத்தில்.
சத்தம்கூடப் பெரிதில்லை,
யாரோ முறுக்கு கடித்த மாதிரி.
ரிம் அரை விரற்கடை கோணி
இந்தப் பக்கம் பிரேக்கைத் தேய்த்தது,
அந்தப் பக்கம் ஃபிரேமைத் தேய்த்தது.
ஒன்று போனதற்கு
பத்தொன்பதும் ஊர்மாறி நின்றன.

சுற்றிலும் காற்றாலைகள்,
மூன்றே இறக்கையோடு, ஆற அமர.
அதற்கு மூன்று போதும்.
அது எந்த ஊருக்கும் போவதில்லை.

நைட் ஷிஃப்ட் விட்ட நேரம்.
லேடீஸ் சைக்கிள் ஒன்று நின்றது,
ஹேண்டிலில் தூக்குப்போசி, தலைமுடியில் பஞ்சு.
டோக்கன் நானூற்றுப் பதினேழு.
பெயரைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது: பூவாத்தாள்.
"ஏனுங் சார், முறிஞ்சு போச்சுங்ளா?"
குனிந்து பார்த்தாள்.
"ஒன்னுதானுங்ளே. எனக்கு மூணு இல்லீங்க, ஆடி மாசத்துல இருந்து."
பார்த்தேன். இல்லைதான்.
அவள் சக்கரம் அதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

போசி மூடியைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள்.
நாற்பதாம் நம்பர், எட்டு இழை சேர்த்து முறுக்கியது.
எங்கள் மில் நூல்.
கேட்டில் பை சோதிக்கச் சொல்லி
சர்க்குலர் அடித்தவன் நான்.
இருவரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றோம்.
முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்து
இழை இணைக்கிற அதே வேகத்தில் முடிச்சிட்டாள்.
"உருட்டீட்டுப் போங்க. ஏறி மட்டும் உக்காராதீங்க,
பக்கத்ததும் போயிருமுங்க."
கொட்டாவியைப் புறங்கையால் மூடிக்கொண்டு
ஜல்லி மேல் கடகடவென்று போனாள்.

பல்லடத்துக்கு ஒன்பது கிலோமீட்டர்.
சுற்றுக்கு ஒரு தரம் முடிச்சு
ஃபிரேமில் தட்டியது.
எண்ணுவதுதான் என் தொழில்.
எண்ணவில்லை.

அடுத்த வாரம் சக்கரத்தை மாற்றிவிட்டேன்,
முப்பத்திரண்டு கம்பி, நானூறு கிராம் கூடுதல்,
விலையில் பாதி.
காற்றுக்கு இப்போது நான் போவது தெரியும்.

ரிஜிஸ்டரில் அந்த இருபத்திரண்டு
பென்சிலில்தான் இருக்கிறது இன்னும்.
ரப்பர் மேசை இழுப்பறையில்,
அந்த நூலுக்குப் பக்கத்தில்.