திங்கட்கிழமை, கார்த்தஹேனா

இன்று குறைதீர்க்கும் நாள்.
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில் முண்டியடிக்கிறார்கள்:
பட்டாவில் அப்பன் பெயர் மாறிப்போன ஒடுகத்தூர்க்காரர்,
இடி விழுந்து செத்த கறவைமாட்டின் போட்டோவைப்
பையில் சுற்றி வைத்திருக்கும் அணைக்கட்டுப் பெண்.
சித்திரை வெயிலோடு மெஷின் சூடும் சேர்ந்து
தாள் கையைச் சுடுகிறது.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.
எனக்குப் பகல் பன்னிரண்டு, உனக்குக் காலை எட்டரை.
கப்பல் நாலு மணி நேரம்தான் நிற்கும்,
ஊர் கார்த்தஹேனா, ஸ்பெயின் என்றாய்
வாலாஜா, ராணிப்பேட்டை என்கிற மாதிரி.
காப்பிக் கடை வாசலில் வைஃபைக்கு உட்கார்ந்துகொண்டு
மோட்டார் சரியாச்சா என்றாய்.
சீட்டுப் பணம் கட்டியாச்சா.
பாப்பா பிசிக்ஸ்ல எவ்வளவு.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.
பார்த்துக்கொண்டிருந்தது உன் தோளுக்குப் பின்னால்.
அங்கே ஒரு தெரு முழுக்கப் பளிங்கு.
ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன்
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.
நாலு நாளாய்ச் சொட்டு வராத வீட்டுக்காரி நான்,
அந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறதென்று
தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

இம்மானுவேல், திரும்பு என்றேன்.
எதுக்கு?
திரும்பேன்.

ஒன்பது வருஷம் கடலில் இருந்துவிட்டு
நீ சொன்னதைக் கேள்:
இறங்கின ஊர்லயெல்லாம்
பாஸ்வேர்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்.
இந்தக் கடையைத் தாண்டினா சிக்னல் போயிடும்,
நெட் போடப் பத்து யூரோ,
மோட்டாருக்குக் காயில் கட்டுற காசு.
மோட்டார் கிடக்கட்டும், போடு என்றேன்.

கோப்பையை நீட்டிய பையன்
மனுவேல் என்று உன்னைக் கூப்பிட்டான்.
எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
பெயரில் பாதியை வெட்டி எறிந்துவிட்டான்,
மிச்சமிருப்பதிலும் முதலில் மனு.

பிறகு நான் சொன்ன பக்கமெல்லாம் நீ நடந்தாய்.
இடது. இன்னும் கொஞ்சம். அந்தப் பச்சை பால்கனி கிட்ட.
அம்மா, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் என்றார் ஒடுகத்தூர்க்காரர்.
ரெண்டு பக்கமும் என்று நான் திருப்பிச் சொல்ல,
நீ போனைத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
பொறுப்பாகக் காட்டினாய்.

வேலிக்கு அந்தப் பக்கம்
வளைந்து வளைந்து இறங்கும் கல் படிகள்.
ரோமாபுரிக்காரன் நாடகம் பார்த்த இடமாம்.
மேலே வீடுகள் இருந்தனவாம்,
இடித்துத் தோண்டினால் கீழே இது.
ஒரு பூனை மட்டும் மூன்றாம் வரிசையில்
டிக்கெட் வாங்கியதுபோல் உட்கார்ந்திருந்தது.
நீ பூனையைக் காட்டினாய்.
நான் நினைத்தது
அந்த வீட்டுக்காரர்கள் எந்தக் கிழமையில்
யாரிடம் வரிசையில் நின்றார்கள் என்று.

திரும்பி நடக்க நேரமாகிவிட்டது என்றாய்.
அந்தச் சந்து மட்டும் என்றேன்.
நுழைந்தாய்.
கொடியில் மூன்று சட்டை,
மாடியில் ஒருத்தி வாளியைச் சாய்க்கப் போகிறாள்,
தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது,
அப்படியே நின்றுபோனது படம்.

ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.
மாட்டுக்காரப் பெண் விசிறிக்கொண்டே
டவர் இல்லையா என்றாள், ஆதரவாக.

அந்தப் படத்தைத் தாளில் எடுத்தேன், கறுப்பு வெள்ளை.
மை காய்வதற்காக ஓரமாக வைத்தேன்.
ஒடுகத்தூர்க்காரர் தன் கட்டோடு சேர்த்து
அதையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.
மத்தியானம் தேடியபோதுதான் தெரிந்தது.

இந்நேரம் மூலையில் முத்திரை குத்தி
நம்பர் போட்டிருப்பார்கள்.
எந்தத் துறை என்று தெரியாமல்
வருவாய்த் துறைக்கே தள்ளியிருப்பார்கள்.
அங்கே ஏதோ ஒரு மேஜையில்
அவள் இன்னும் வாளியைச் சாய்த்தபடி.