மரிக்கொழுந்துப் பாசி

நம்புச்செல்வியின் இடது பாதம்
மேசைமேல் இருக்கிறது.
மூணு வருஷத்துக்கு முன் ஏறிய கருவேலமுள்ளை
அன்றைக்கே பிடுங்கிப் போட்டாயிற்று.
முள்ளோடு வந்தது மட்டும் போகவில்லை.

வலியில்லை என்கிறாள்.
வலித்திருந்தால் அப்போதே வந்திருப்பாள்.
பாதம் தடித்து, கண் கண்ணாய்த் திறந்து
ஒவ்வொரு கண்ணிலும் ரவை மாதிரி வெளிறிய குருணை.
"பாசி உள்ள போயிருச்சாக்கா?"

கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை.
சிவப்பென்றால் பாக்டீரியா.
வெள்ளை, இரண்டில் எதுவாகவும் இருக்கும்.
அதற்குத்தான் மண்டபத்திலிருந்து பஸ் ஏறி
ராமநாதபுரத்தில் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறாள்,
டாக்டர் சீட்டில் ஒரே கேள்வி: எது?

எது என்பதில்தான் கால் இருக்கிறது.

பாக்டீரியா அந்நியம்.
நமக்கில்லாத சுவர் அதற்குண்டு,
நமக்கிருக்கும் உட்கரு அதற்கில்லை.
அதை மட்டும் தேடி அடிக்க மருந்துண்டு,
நம் வீட்டில் செங்கல் பெயராது.
பூஞ்சையோ பங்காளி.
நம்மைப்போலவே உட்கரு வைத்துப் பிழைக்கிறது.
அதற்குக் கொடுப்பது நம் ஈரலையும் உரசிக்கொண்டு போகும்;
மாசக்கணக்கில் தின்றும்
கடைசியில் ரம்பம் வருவதுண்டு.
இதற்குள் நூல்விட்டுக் கிளைத்து
பூஞ்சை வேஷம் கட்டுகிற பாக்டீரியா வேறு.
வைத்தியப் புத்தகத்தில் மதுரைக்கால் என்று போட்டிருக்கும்.
பேர் மதுரைக்கு, கால் எங்களுக்கு.

குருணையைக் கழுவி
இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே நசுக்கி
தீயில் மூன்று தரம் காட்டினேன்.
ஊதாச் சாயம் ஒரு நிமிஷம்.
அயோடின் ஒரு நிமிஷம்.
ஸ்பிரிட்டை மட்டும் எண்ணி விடவேண்டும்,
கூடினால் பிடித்து வைத்திருப்பதும் விட்டுவிடும்.
பிறகு சிவப்பு.
கரண்ட் போய்விட்டது.
மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் தூக்கிப்போய்
ஆடியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

ஊதா.
சிலந்தியிழையும் தோற்கும் மெல்லிசில்
கிளை கிளையாய் ஊதா.
பூஞ்சை இழை இத்தனை ஒல்லி கிடையாது.
ஆனாலும் வளர்த்துப் பார்க்காமல் எழுதக்கூடாது.

அகார் தட்டில் தடவும்போது கேட்டேன், என்ன வேலை.
தீவுப் பக்கம் பாசி எடுக்கிறாளாம்.
விரலுக்குத் துணி சுற்றி,
காலில் தகரத்தட்டு கட்டி முங்குவது.
"என்ன பாசி?"
"மரிக்கொழுந்து. கம்பெனிக்காரன் எடுத்துக்கிருவான்.
என்னத்துக்குன்னு யாரு கண்டா."

தட்டைக் காட்டி, இதற்கு என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"அப்ப நான் எடுத்ததுலயே
என் சீக்கப் பயிரு வைக்கிறியா?"
பிறகு, சிரிக்காமல்:
"இது கிலோ என்ன வெல?"
டப்பா விலையை நான் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள்
சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று, காய்ந்து, கெட்டியாய்,
தட்டில் வேர் பிடித்திருந்தது.
பாக்டீரியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மாத்திரை எத்தனை மாசம் என்பது டாக்டர் பாடு.
எப்போது முங்கலாம் என்று அவள் கேட்பாள்,
அதற்கு எங்களிடம் பாரம் எதுவும் இல்லை.

பூஞ்சைக்கு வைத்த தட்டை
இன்னும் நாலு வாரம் வைத்திருக்கவேண்டும், விதி.
காலையில் வந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.
லேசான மஞ்சள்,
காற்றில்லாத நாளின் தரைக்கடல் போல
அடிவரை தெரிகிறது.
இன்றைக்கும் ஒன்றுமில்லை.