கேர் ஆஃப்

வியாசர்பாடியில் ஸ்வெட்டர் யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள்.
விடிகாலை ஏலத்துக்குக் காசிமேடு போகிறவர்கள் வாங்குவார்கள்.
ஏ.டி.எம். வாசலில் தூக்கத்தை விற்றுச் சம்பளம் வாங்குபவர்கள்.
மார்கழியில் பிள்ளை பெற்றவர்கள்.
மங்கி குல்லா நூற்றிருபது, பேசினால் நூறு.

கார்த்திகை பிறந்தால் பெல்கி வந்துவிடுவாள்
பைலகுப்பேயிலிருந்து, பதினாறு மூட்டையோடு.
என் ஜெராக்ஸ் கடைச் சுவரில்
ஆறு வருஷமாக அதே ஆணி, அதே கயிறு.
வருஷா வருஷம் அவளுடைய பதிவுப் புத்தகத்தை
நகல் எடுத்துக் கொடுப்பேன்.
பிறந்த இடம் மைசூர் மாவட்டம்.
மேலே கொட்டை எழுத்தில் வெளிநாட்டவர்.
மெஷினுக்கு இரண்டும் ஒரே கறுப்பு.

இந்த வருஷம் கூட ஒரு பையன்.
தங்கை மகன், ஜிக்மே,
குல்லாவை மடித்து அடுக்கும்போதெல்லாம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

கன்னடமும் தமிழும் கலந்து அவள் சொன்னது இவ்வளவு:
அவர்கள் முகாமில் ஒரு நர்ஸ்.
மாத்திரை கொடுத்து, எதிரே நின்று,
விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.
அவள் சம்பளம்
கடல் தாண்டிய ஒரு அரசாங்கத்தின் பட்ஜெட்டில் ஒரு வரி.
அந்த வரியை நிறுத்திவைத்திருக்கிறார்கள்,
மறுபரிசீலனையாம்.
கிருமிக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை.

எனக்கு இந்த வரிகளைத் தெரியும்.
ரங்கூனிலிருந்து கப்பலிறங்கிய என் அப்பாவுக்கு
தையல் மெஷின் வாங்க அரசாங்கம் கடன் எழுதியது.
பணம் வந்ததா என்று அவர் சொன்னதில்லை.
மெஷினை நான் பார்த்ததில்லை.
கட்டச் சொல்லி நோட்டீஸ் மட்டும்
அவர் செத்த பிறகும் வந்தது.

ஓட்டேரி ஆஸ்பத்திரி. டோக்கன் எழுபத்திரண்டு.
கவுன்ட்டரில் ரெஜினா மேடம்
பதிவுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நேபாளமா?
இல்ல.
அப்ப சைனாவா?
பெல்கி புத்தகத்தை வெடுக்கென்று வாங்கி மூடினாள்.
மைசூர் மேடம், என்றேன் நான்.
மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"மாத்திரைக்கு நாடு வேணாம்பா. அட்ரஸ் வேணும்.
ஒருநாள் வரலன்னா ஆளு எங்க போய்த் தேடும்?"

எழுதினேன்.
கேர் ஆஃப் எத்திராசு, எத்திராசு ஜெராக்ஸ்,
கல்யாணபுரம் நாலாவது தெரு.
என் பெயருக்கு இவ்வளவு கனம் இருந்ததில்லை,
மின்சாரக் கட்டணத்திலும் கூட.

அதன்பிறகு தினம் காலை ஏழு மணிக்கு
ஷட்டர் பாதி ஏறும்போது அவன் நிற்பான்.
மாத்திரை, தண்ணீர், பிறகு பன்.
முதல் நாள் பாத்ரூமிலிருந்து பதறி ஓடிவந்தான்,
ஆரஞ்சு கலரில் போகிறதென்று.
அது மருந்துடா என்பதை
மூன்று பாஷையில் சொல்லவேண்டியிருந்தது.
நர்ஸ் செய்ததைப் போல நானும் செய்தேன்.
கேஷ் டப்பா டார்ச்சை அடித்து,
வாயைத் திற.

பொங்கலோடு குளிர் முடிந்தது.
மூட்டை மூன்றாகச் சுருங்கியிருந்தது.
மிச்ச மாதங்களுக்கு மாத்திரையும் ஒரு கடிதமும்
ரெஜினா மேடம் கொடுத்தனுப்பினார்.
எனக்கு ஒரு குல்லா மிச்சம், பச்சை.
போடுவதில்லை. வேர்க்கிறது.

மாசியில் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி
நோட்டோடு வந்தாள்.
ஜிக்மே யாரு சார், உங்க ஊட்டுப் பையனா?
ஊருக்குப் போயிட்டான்.
அங்க யார் பாக்குறா?
நான்தான், என்றேன்.
அவள் பேனா நின்றது.

மணி ஏழு. போன் அடித்தது.
வீடியோவில் அவன், பின்னால் பூட்டிய மருந்தறை,
கொஞ்சம் சதை போட்ட கன்னம்.
போனை யாரோ பிடித்திருக்கிறார்கள்,
ஓரத்தில் வெள்ளைக் கோட்டின் கைமடிப்பு.
யாருடா அது?
நர்ஸ்.
சம்பளம் வந்துடுச்சா?
அவன் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டான்.
இல்லையாம்.
கோட்டின் கை அசையாமல் இருந்தது.

சரி, விழுங்கு.
வாயைத் திற.
இன்னும்.
நாக்கைத் தூக்கு.