மூன்றாவது கையெழுத்து

பட்டியலுக்கு மூன்று கையெழுத்து வேண்டும்.
தலைமையாசிரியர் ஒன்று, நிர்வாகம் ஒன்று.
மூன்றாவது பெற்றோர் தரப்பில்.
அது நான்தானாம்.
சவாரி இல்லாத மதியமாகப் பார்த்து பியூன் போன் செய்தார்:
"சவரிமுத்து, அஞ்சே நிமிஷம். ஒரு சைன்."

எட்டாம் வகுப்பில் நாற்பது இடம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம்.
பள்ளிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு முன்னால்.
தூரத்தைக் கணினி அளந்துவிட்டது என்றார் நாகபூஷண் சார்.
காகம் பறக்கிற கணக்கு, நேர்கோடு, தப்பே வராது.

காகத்துக்கு ஜீவனஹள்ளிப் பக்கம் ரயில்வே கேட் கிடையாது.
சென்னை வண்டி போகும்வரை
ஹேண்டில் பாரில் தலை சாய்த்துக் கிடந்ததில்லை அது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறேன்.
ஏறுகிறவர்கள் என் முகம் பார்ப்பதில்லை,
மீட்டரைத்தான் பார்க்கிறார்கள்.
சூடு வைத்ததா என்று கன்னடத்தில் கேட்பார்கள், இந்தியில், தமிழில்.
ஒருவர் பேசவே இல்லை,
போனில் வரைபடத்தைத் திறந்து
கோரமங்கலா வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தார்.
அளவைச் சந்தேகப்பட
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். அப்படியே பழக்கம்.
ஆறாவது கிராஸ், எண் பதினான்கு.
இன்னொரு பதினான்கு.
பதினொரு பிள்ளைகள், ஒரே கதவு.

"கூட்டுக் குடும்பமா இருக்கும்" என்றார் நிர்வாகத்தார்.
பேனாவைத் திறந்து என் பக்கம் உருட்டினார்.
நாளைக்குப் போடுகிறேன் சார் என்றேன்.

பதினான்கு ஒரு ஜெராக்ஸ் கடை.
பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில்
வாடகை ஒப்பந்தம் சுடச்சுட வருகிறது,
முத்திரைத்தாள், சாட்சி, நோட்டரி எல்லாம் சேர்த்து.
ஆளைப் பார்த்து விலை.
மீட்டர் கிடையாது.

முகவரி பொய்யாக இருக்கலாம், போன் நம்பர் பொய்யாக இருக்காது.
இடம் கிடைத்தால் கூப்பிட வேண்டுமே.
இரண்டு நாள் சவாரியை விட்டுத் தேடினேன்.
ஹென்னூர் தாண்டி, ஹொரமாவு, ஒருவர் ஒயிட்ஃபீல்ட்.
ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.
இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
"எல்லாரும் செய்றதுதானே" என்று
பத்து வீட்டிலும் ஒரே வசனம்,
அதையும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

பதினொன்றாவது ஹுலிகெம்மா.
போனை எடுத்தவர் மேஸ்திரி.
பள்ளிக்கூடச் சுவருக்கு நேர் பின்னால்
பாதி எழும்பிய ஐந்து மாடி, அதன் காலடியில் தகரக் கொட்டகை.
ராய்ச்சூரிலிருந்து வந்து சென்டரிங் வேலை.
கொட்டகைக்கு எண் கிடையாது,
எண் இல்லாமல் படிவம் அடுத்த பக்கம் போகாது.
அறுநூறு ரூபாய்க்கு அவள் அம்மாவும் வாங்கினாள்
அந்தப் பதினான்கை.

தம்பியை இடுப்பில் மாற்றிக்கொண்டே
அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
"நாலாவது பீரியட் பெல் மட்டும் ஏன் எப்பவும் லேட்டா அடிக்கிறாங்க?"

ராத்திரி தூங்கவில்லை.
பத்தை அடித்தால் பதினொன்றையும் அடிக்க வேண்டும்.
ஒன்றை விட்டால் பத்துப் பேரும் சட்டை பிடிப்பார்கள்.
விடிந்தபோதும் கணக்கு நேராகவில்லை.
மீட்டரில் பழைய சவாரியின் தொகை நின்றிருந்தது,
அழிக்க மறந்திருக்கிறேன்.

காலையில் போய் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்.
அதில் இதுவரை யாரும் எழுதியதில்லை போல,
விரலளவுதான் இடம்.
பத்துப் பேர்: வீடு வேறு ஊர் தூரத்தில்.
ஒருத்தி: வீட்டுக்கு எண் இல்லை. தூரம், ஒரு சுவர்.
அதற்குக் கீழே என் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

"ஒரே பொய்க்கு ரெண்டு நியாயமா?" என்றார் நிர்வாகத்தார்.
நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை.
நாகபூஷண் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"சுவர்னு கணினியில எப்படிப் போடுறது, சவரிமுத்து?
அது மீட்டர்ல கேக்கும்."

யாரும் மேலே பேசவில்லை.
காகிதம் மேஜை நடுவில் கிடந்தது.
அப்போது பெல் அடித்தது.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஆறு நிமிஷம் லேட்.