பத்து சென்டிமீட்டர்

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட், செவ்வாய்க்கிழமை.
சீட்டு நூற்றுப்பதினேழு.
சொரிமுத்து, ஆண், இருபத்தேழு,
பணகுடிக்குக் கிழக்கே காற்றாலையில் டெக்னீஷியன்.
“என்ன செய்யுது?”
“ஒண்ணுமில்ல டாக்டர். இடுப்பு. லேசா.”

ஆண்களின் லேசா எனக்குத் தெரியும்.
போன வாரம் முக்கூடல்காரர் ஒருவர்
தொடையெலும்புக் கழுத்தில் விரிசலோடு
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சொன்னதும்
அதே லேசாதான்.

கூட வந்த முப்பிடாதிதான் பேசினாள்.
“கண்ணப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குன்னு.
ராத்திரி மூணு மணிக்கு எந்திச்சிப் போறாவ.
விடிஞ்சிதான் வாறாவ.
எங்க போறியன்னா வாயத் தொறக்க மாட்டாவ.
தெருவுக்கே தெரியுமாம், எனக்குத்தான் தெரியாதாம்.”

அவன் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
கண் சிவந்துதான் இருந்தது.
நானும் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தேன்,
வாடை வருகிறதா என்று.
எழுதுகிறபோது இதையும் எழுதத்தான் வேண்டும்.

வாடை இல்லை.

அவளை வெளியே உட்காரச் சொன்னேன்.
“மூணு மணிக்கு எங்க போற?”
“நடக்கேன்.”
“எங்க?”
“ரயில்வே கேட்டு வரைக்கும். திரும்புவேன். மறுபடி போவேன்.”
“எதுக்கு?”
“படுத்தா வலிக்கி. நடந்தா விட்டுருது.”

பேனாவைக் கீழே வைத்தேன்.
ஐந்து வருஷம், நாலு டாக்டர், ஓர் எண்ணெய்க் கட்டு.
எல்லாச் சீட்டிலும் ஒரே சொல்: ஓய்வு.
அந்த ஓய்வுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

சட்டையைக் கழற்றினான்.
இடுப்புக் குழிகள் இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு,
நேர் மேலே பத்து சென்டிமீட்டரில் இன்னொன்று.
குனி.
முழங்கால மடக்காத. குனி.
நல்ல முதுகென்றால் தோல் விரிந்து
டேப் பதினைந்துக்கு ஓடும்.
இது பன்னிரண்டில் நின்றுவிட்டது,
வைரம் பாய்ந்த பனையைக்
குனியச் சொன்ன மாதிரி.

டேப்பை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன்.
மூச்சை இழு. இன்னும். இன்னும்.
இரண்டு.
எண்பது மீட்டர் ஏணி ஏறுகிறவன்,
ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற ஊர்க்காரன்,
இரண்டு சென்டிமீட்டர்.

மத்தியானம் எக்ஸ்ரே வந்தது.
முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில்
குளம் உடைந்து வரப்பு கரைந்த வயல் போல
ஓரமே தெரியவில்லை, இரண்டு பக்கமும்.
கண் சிவப்பும் இதே நோயின் வேலை.
கண் டாக்டருக்கு இன்றைக்கே எழுதினேன்.

இருவரையும் உட்காரவைத்து நோயின் பெயரைச் சொன்னேன்.
நீளமான பெயர்.
அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.
“அப்ப, கேட்டு வரைக்கும்தானா?”
“கேட்டு வரைக்கும்தான்.”
“தனியாவா?”
அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.
“ஒரு நாய் கூட வரும்.”
“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?”
“ஏணி ஏறுதவன் இடுப்பு வலிக்கின்னு சொன்னா
மறுநாள் வேற ஆளுல்லா ஏறுவான்.”
“நா என்ன கம்பெனியா?”

நான் எழுதிக்கொண்டிருந்தேன்:
மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின். பீடி கூடாது.
கமுந்து படுக்க. குளத்தில் நீந்த.
காலையில் சுவரோடு நிற்க,
குதிகாலும் பின்மண்டையும் தொடும் வரை.
என் மூன்று விரல் போனது
அவன் மண்டைக்கும் சுவருக்கும் நடுவே.
ஊசிக்குக் காப்பீட்டில் எழுதியிருக்கிறேன்,
எப்போது வருமோ.

“ஏணி?” என்றான்.
“இப்போதைக்கு ஏறு.
கண்ட்ரோல் ரூம் நாற்காலிய மட்டும் கேட்டு வாங்கிராத.”

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். ஊசி வரவில்லை.
டேப்பில் பதின்மூன்று. சுவரில் இரண்டு விரல்.
கண் வெளுத்திருந்தது.
ஐந்து மணி வரை தூங்குகிறானாம்.
“எனக்குத்தான் மூணு மணிக்கு முழிப்புத் தட்டிருது,” என்றாள்.
“திரும்பிப் பாப்பேன். கெடப்பாவ.
வாசல்ல அந்த நாயி வந்து நிக்கும்.”